மேகங்கள் மீது அளவற்ற ஆர்வம்

தென்கரை கலை அறிவியல் கல்லூரி,
ஆவுடையார்கோவில் வட்டம்,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுகுணாவுக்கு,

விடுதியில் பதினான்காம் எண் அறையில், உன் பக்கத்துக் கட்டிலில் மூன்று வருடம் குறட்டை விட்ட ஷர்லி எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக, பழைய பிடிவாதம் குறையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

பெரிய செய்தி ஒன்று. எங்கள் கல்லூரியின் ‘பகிர்வுப் பாடப் பதிவு ஒருங்கிணைப்பாளர்’ இப்போது நான்தான். என்னைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள். முதல்வர் பிராங்க்ளின் சார் ஆணையைக் கையில் கொடுத்து, “காமர்ஸ்காரங்களுக்குத்தாம்மா ஆள் பிடிக்கத் தெரியும்” என்றார். நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

திட்டம் உனக்குத் தெரியும். ஏழு பல்கலைக்கழகங்கள் தங்கள் பாடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. எங்கள் இளங்கலை மாணவர்கள் ஒவ்வொருவரும், இங்கே படிக்கும் பாடங்களோடு, வேறொரு பல்கலைக்கழகத்தின் பாடம் ஒன்றையும் தொலைநிலையில் கைபேசியிலேயே படித்துத் தேற வேண்டும். நாற்பத்தாறு பாடங்கள் கொண்ட பட்டியல் வந்தது. பிள்ளைகள் அதை மிகுந்த கவனத்தோடு படித்தார்கள். தேர்வு இல்லாத பாடம் எது என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. தேனீ வளர்ப்புக்குத் தேர்வு கிடையாது என்று மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு பேச்சு கிளம்பியது. இரண்டே நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேர் தேனீ வளர்க்கத் தயாராகிவிட்டார்கள். எங்கள் வட்டத்தில் அத்தனை பூ கிடையாது.

அதே பட்டியலின் முப்பத்தொன்றாம் பக்கம். ‘வானிலையும் அன்றாட வாழ்வும். நடத்துபவர்: முனைவர் சுகுணா, மேற்குமலைப் பல்கலைக்கழகம்.’ மீமிசல் பேருந்தில் நின்றுகொண்டே படித்தேன். என்னையறியாமல் உன் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். நடத்துநர் அது எந்த நிறுத்தம் என்று கேட்டார்.

உன் பல்கலைக்கழகத் தொலைபேசியில் அழைத்தேன். ஓர் இசை வந்தது. அது முடிந்ததும் வேறோர் இசை வந்தது. பிறகுதான் சுற்றறிக்கையில் ஒரு வரி கண்ணில் பட்டது. பாடம் இணையத்தில் நடக்கும், பதிவும் இணையத்தில் நடக்கும், ஆனால் பதிவுப் பட்டியல் காகிதத்தில், கையெழுத்தும் முத்திரையுமாக, விரைவுத் தபாலில் வர வேண்டும். அது வந்த பிறகுதான் எண்ணிக்கையில் சேருமாம். ஆக, எப்படியும் உறை போகப்போகிறது. அதில் ஒரு தாளைக் கூட வைத்தால் என்ன?

உன் பாடத்தில் இதுவரை எத்தனை பேர்? நூறா, இருநூறா? இடம் இருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் ஒதுக்கு.

அன்புடன்,
ஷர்லி


மேற்குமலைப் பல்கலைக்கழகம்,
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷர்லி,

உன் கடிதம் என் மேசைக்கு வருவதற்கு முன்பே தபால் பிரிவு ஆண்டிச்சாமி அதைப் படித்து, முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றிவிட்டார். ‘பொருள்: குறட்டை விட்டது தொடர்பாக’ என்று எழுதியிருக்கிறார். “மேடம், இதுக்கு எத்தனை நாளைக்குள்ள பதில் போடணும்?” என்றும் கேட்டார். ஐந்து நாள் என்றேன். நான்கிலேயே போடுகிறேன்.

எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? நாம் கடைசியாகப் பார்த்துப் பதினோரு வருடம் ஆயிற்று. உன் கையெழுத்து இன்னும் அப்படியே வலப்பக்கம் சரிந்து ஓடுகிறது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நூறும் இல்லை, இருநூறும் இல்லை. மூன்று.

இந்தப் பாடத்துக்கு மூன்று வருடம் உழைத்தேன். பன்னிரண்டு பகுதிகள். எல்லாவற்றையும் என் குடியிருப்பின் மொட்டைமாடியில் நின்று, என் கைபேசியிலேயே படம் பிடித்தேன். மூன்றாம் பகுதியில் ஒரு குரங்கு வரும். வெட்டி எடுக்க மனம் வரவில்லை. அது மேகத்தைச் சரியான நேரத்தில் அண்ணாந்து பார்க்கிறது. இத்தனைக்குப் பிறகு விதி இதுதான்: ஆகஸ்ட் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் முப்பது மாணவர் சேர வேண்டும். சேராவிட்டால் பாடம் பட்டியலிலிருந்து நீங்கும். நான் தேர்வுப் பிரிவுக்குப் போவேன். விடைத்தாள் கட்டுகளுக்குச் சணல் போதுமா என்று பார்க்கும் பொறுப்பு அங்கே காலியாக இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு பேர் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள்.

உன்னால் முடிந்தால் ஆள் சேர்த்துக் கொடு. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பதிவுப் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: ‘இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? உங்கள் சொற்களில் எழுதுங்கள்.’ அந்தக் கட்டத்துக்காகப் பாடக்குழுவில் மூன்று அமர்வு சண்டை போட்டேன். தலைவர் ரகுநாத் சார், “இதையெல்லாம் யாரும்மா படிக்கப்போறா?” என்றார். “நான் படிப்பேன் சார்” என்றேன். உண்மையாகவே படிப்பேன்.

இருபத்திரண்டு நாள் இருக்கிறது. பதற்றத்தில் தினமும் இரண்டு தடவை பதிவு எண்ணிக்கையைத் திறந்து பார்க்கிறேன். மூன்று என்றே இருக்கிறது. அது பழுதாகியிருக்குமோ என்று கணினி அறையில் கேட்டேன். நன்றாக வேலை செய்கிறதாம்.

உன்,
சுகுணா


ஆவுடையார்கோவில் வட்டம்,
14 ஆகஸ்ட் 2025

என் சுகுணாவுக்கு,

உட்கார்ந்துகொள். முப்பத்து நான்கு.

ஆமாம்டி, முப்பத்து நான்கு பேர். பட்டியல் இந்த உறையிலேயே இருக்கிறது, முதல்வரின் முத்திரை மூன்று இடத்தில். உன்னுடைய மூன்றையும் சேர்த்தால் முப்பத்தேழு. சணலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

எப்படி என்று கேள். தேனீக் கூட்டத்திலிருந்து பிரித்து இழுப்பது சுலபமாக இருந்தது. “வானிலைப் பாடத்துல குரங்கு வருதாம்” என்றேன். அத்தனை பேரும் சரி என்றுவிட்டார்கள். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பதிவு செய்ய ஓடிபி வேண்டும். அந்த எண் கைபேசிக்கு வரும், பத்து நிமிடம்தான் உயிரோடு இருக்கும். எங்கள் கல்லூரிப் பதிவேட்டில் எந்தப் பிள்ளைக்கும் அவரவர் எண் கிடையாது. சேர்க்கையின்போது எழுத்தர், “அப்பா நம்பர் சொல்லு” என்பார். அதுதான் மூன்று வருடத்துக்கும். ஆக, ஓடிபி எல்லாம் அப்பாக்களுக்குப் போகிறது. அப்பாக்களில் பதினோரு பேர் கடலில். ஆறு பேர் வெளிநாட்டில். நிலவழகனின் அப்பா ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறார். உச்சியில் போனைத் தொடக்கூடாதாம், இறங்கி வரப் பத்து நிமிடம் போதாது. அவருடைய சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்து வாங்கினோம்.

கடலில் இருப்பவர்களுக்காக, காலை ஏழு மணிக்குப் படகு வரும் நேரம் பார்த்துக் கட்டுமாவடிக் கரைக்கே போய்விட்டேன். பிள்ளைகளும் வந்தார்கள். மூன்றாம் ஆண்டு சந்தனமேரியின் அப்பா ராக்கன் அப்போதுதான் இறங்கினார். கைபேசியை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்.

“ஓடிபி எல்லாம் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எங்க சங்கத்துல சொல்லியிருக்காக டீச்சர்.”

“நான் காலேஜ் டீச்சருங்க. உங்க மகளுக்குத்தான் கேக்கறேன்.”

“ஏமாத்துறவனும் அப்படித்தான சொல்லுவான்?”

சந்தனமேரி தலையில் கைவைத்துக்கொண்டாள். “அப்பா, இது எங்க மிஸ்ஸுப்பா. மானத்த வாங்காதீக.”

“அதுக்கில்லத்தா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். என்ன பாடம் டீச்சர்?”

“வானிலை.”

“காத்து மழையா?”

“ஆமாங்க. மேற்குமலையில இருந்து சொல்லித்தராங்க.”

அவர் நெத்திலிக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “கடக்கரைக்காரிக்கு மலையில இருந்தா? சரித்தான், எழுதிக்கங்க” என்று எண்ணைச் சொன்னார். எட்டு நிமிடம் ஆகியிருந்தது. அங்கேயே என் கைபேசியில் தட்டிவிட்டேன்.

மற்ற வேலையை நானே கல்லூரிக் கணினியில் உட்கார்ந்து ஒரே மதியத்தில் முடித்துவிட்டேன். கண்தான் கொஞ்சம் எரிகிறது. வாழ்நாளில் இவ்வளவு உற்சாகமாக நான் எதையும் தட்டச்சு செய்ததில்லை.

இனிப்பு வாங்கி ஆண்டிச்சாமிக்கும் கொடு.

உன் அன்பு,
ஷர்லி


மேற்குமலைப் பல்கலைக்கழகம்,
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷர்லி,

பட்டியல் நேற்று வந்தது. முப்பத்தேழு என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என் அறையில் இருந்தவர்கள் யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று நினைத்து அவர்களும் எழுந்தார்கள்.

பிறகு உட்கார்ந்து, சொன்னபடியே அந்தக் கடைசிக் கட்டங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

முதல் மாணவி எழுதியிருந்தாள்: ‘சிறு வயது முதலே மேகங்கள் மீது எனக்கு அளவற்ற ஆர்வம் உண்டு.’ எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவதைத் திறந்தேன். அவனுக்கும் சிறு வயது முதலே அளவற்ற ஆர்வம் இருந்தது. மூன்றாவதும் அப்படியே. ஏழாவதில் படிப்பதை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஒரே வட்டத்தில் முப்பத்து நான்கு குழந்தைகள் சிறு வயது முதல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்திருந்தால் யாராவது மருத்துவரிடம் காட்டியிருப்பார்கள்.

நேரத்தையும் பார்த்தேன். எல்லாம் ஒரே கணினியிலிருந்து, நான்கு நிமிடத்துக்கு ஒன்றாக வந்திருக்கின்றன. நடுவில் இருபது நிமிடம் ஒன்றுமில்லை. அது நீ டீ குடித்த நேரம் என்று நினைக்கிறேன். அந்தச் சொற்றொடரையும் எனக்குத் தெரியும். கல்லூரி ஆண்டு மலரில் ‘அளவற்ற’ என்று எழுதுபவள் நீ ஒருத்திதான்.

எனக்காகச் செய்தாய். என் பாடம் போய்விடக்கூடாது என்று மீன் இறங்கும் கரை வரை போய் நின்றாய். அதை நினைக்க நினைக்க எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். முப்பத்து நான்கு விண்ணப்பங்களையும் நிராகரித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். இந்த உறையில் இருக்கின்றன. அந்தக் கட்டத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்று ரகுநாத் சார் சொன்னார். நான் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அவர் சொன்னதுதான் சரி.

இன்னொரு விஷயம். பதிவானதுமே முதல் பகுதியின் காணொலி எல்லா எண்களுக்கும் தானாகப் போய்விட்டதாம். அதைத் திரும்பப் பெற வழியில்லை. அப்பாக்களிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு.

பதினொரு நாள் இருக்கிறது. மறுபடி மூன்று.

சுகுணா


தென்கரை கலை அறிவியல் கல்லூரி,
22 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய முனைவர் சுகுணா அவர்களுக்கு,

தாங்கள் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்கள் முப்பத்து நான்கும் பெறப்பட்டன.

தங்கள் தகவலுக்காகச் சில வரிகள். உதவித்தொகை, வங்கிக் கணக்கு, பேருந்துச் சலுகை அட்டை, வாக்காளர் பட்டியல் என்று எங்கள் பிள்ளைகளுக்கு எது வந்தாலும் பூர்த்தி செய்வது நாங்கள்தான். ஒரு கட்டத்தில் ஒன்று பிசகினால் ஒரு வருடத்தையே இழக்கக்கூடியவர்கள் இவர்கள். அதனால் பிசகாத கை ஒன்று எழுதிவிடும். இருபது வருடமாக அந்தக் கை என்னுடையது. இதை இங்கே மோசடி என்று யாரும் சொன்னதில்லை. ‘மிஸ் பாத்துக்குவாங்க’ என்றுதான் சொல்வார்கள். அந்த முப்பத்து நான்கு வரியும் நான் எழுதியது. ஆகவே திரும்பி வந்தது நான்தான்.

ஒரே ஒரு கேள்வி. எங்கள் பிள்ளைகளைப் பார்த்த அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தங்களுடைய மூன்று பேரையும் பார்த்தீர்களா?

இப்படிக்கு,
ஷர்லி
பகிர்வுப் பாடப் பதிவு ஒருங்கிணைப்பாளர்


ஆவுடையார்கோவில் வட்டம்,
28 ஆகஸ்ட் 2025

சுகுணா,

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அதை முதலில் பதிவு செய்துகொள். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை கல்லூரி வாசலில் ராக்கன் நின்றார். மாதா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் கைபேசி. நீ அனுப்பிய முதல் பகுதியை நான்கு தடவை பார்த்தாராம். ஏலக்கூடத்தில் மற்றவர்களுக்கும் போட்டுக் காட்டினாராம்.

“அந்தம்மா நல்லாத்தான் சொல்றாக டீச்சர். ஆனா தப்பு.”

“எது தப்பு?”

“காலைல பத்து மணிக்கெல்லாம் கடல்லேருந்து கரைக்குக் காத்து வந்துரும்ங்கிறாக. ஆடி ஆவணியில இங்கிட்டு எங்க வருது? மேகாத்துல்ல அடிக்குது. தரையில இருந்து கடலப் பாத்து அடிக்கிற காத்து. அது கடக்காத்த அமுக்கிப் போட்டுரும். மூணு மணிக்கு மேலதான் கடக்காத்து எந்திரிக்கும். பத்து மணின்னு நம்பிப் பாய விரிச்சா அக்கரையிலதான் போய் எறங்கணும்.”

நான் வணிகவியல் ஆசிரியை. எனக்கு எந்தக் காற்றும் தெரியாது. அவரை மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு அழைத்துப் போனேன். சந்தனமேரி கடைசி வரிசையில் மேசைக்குக் கீழே எதையோ தேடத் தொடங்கினாள். அவர் இதையே வகுப்பிலும் சொன்னார். கடல் இல்லாத குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் செவந்தி எழுந்தாள்.

“புஸ்தகத்துலயும் காலைலன்னுதாங்க போட்டிருக்கு.”

“அந்தப் புஸ்தகம் என்னைக்காவது நனஞ்சிருக்கா ஆத்தா?”

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. கரையோரப் பிள்ளைகள் ராக்கன் பக்கம். உள்பகுதிப் பிள்ளைகள் உன் பக்கம். சந்தனமேரி மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்து, “எங்கப்பா சொல்றது சரிதான், நீ எங்க ஊருல வந்து நின்னு பாரு” என்றாள். ஒரு பேராசிரியர் தவறு செய்திருக்கலாம் என்ற செய்தி விடுதிக்குள் பரவிய வேகத்தை உன்னுடைய கருவிகள் எதுவும் அளந்திருக்காது. மதிய உணவுக்குள் எல்லோருக்கும் ஒரே ஆசை. அதை உன்னிடம் நேராகச் சொல்ல வேண்டும். உன் பாடப் பக்கத்தில் எழுதலாம். ஆனால் பதிவு செய்த மாணவர்தான் எழுத முடியும்.

ஆகவே வந்தார்கள். நீ திருப்பி அனுப்பியவர்களில் இருபத்திரண்டு பேர், புதிதாக ஐந்து பேர். நேற்று பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை. அன்றைக்கும் கணினி அறையைத் திறக்கச் சொன்னார்கள். ஓடிபிக்கு இந்த முறை கரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அப்பாக்களே அழைத்துச் சொன்னார்கள். ஒருவர், “எம்புள்ளைக்கு இன்னும் வரலையே” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

கடைசிக் கட்டம் வந்தது. “மிஸ், இதுல என்ன எழுதறது?” என்றார்கள். “எனக்குத் தெரியாது” என்றேன். ஒரு கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு கைகளையும் நாற்காலியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன். நிலவழகன் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டான். ஒருத்தி எழுதி எழுதி அழித்தாள். சுகுணா, எனக்குக் கை அரித்தது. என்ன எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திருத்தியிருப்பேன்.

பட்டியல் இதோடு இருக்கிறது. இருபத்தேழு. உன் மூன்றோடு முப்பது. முப்பதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று தபால் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். மாதாவிடமும் சொல்லியிருக்கிறேன். யார் முந்துவார்கள் என்று தெரியவில்லை.

ஷர்லி


மேற்குமலைப் பல்கலைக்கழகம்,
2 செப்டம்பர் 2025

என் ஷர்லிக்கு,

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு உறை வந்தது. ஆண்டிச்சாமி முத்திரை குத்துவதற்குக்கூட நிற்காமல் மாடிக்கு ஓடிவந்தார். இதற்கு முன் அவர் மாடிப்படி ஓடி ஏறியதைப் பார்த்தவர்கள் இந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் இல்லை.

இருபத்தேழையும் படித்தேன். சந்தனமேரி: ‘நீங்கள் சொன்னது எங்கள் கரைக்குப் பொருந்தாது. சேராமல் அதைச் சொல்ல வழி இல்லாததால் சேருகிறேன்.’ செவந்தி: ‘நீங்கள் சொன்னது சரி என்று வகுப்பில் சண்டை போட்டுவிட்டேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.’ ஒருவன்: ‘தேனீ வளர்ப்புக்கும் தேர்வு உண்டாம்.’ அவனையும் சேர்த்துக்கொண்டேன், சொந்தச் சொற்கள்தானே. நிலவழகன் ஐம்பது நிமிடத்தில் எழுதியது இது: ‘என் அப்பா கிரேன் மேல் வேலை செய்கிறார். காற்று எவ்வளவு அடித்தால் அவரைக் கீழே இறங்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.’

பிறகு உன் கேள்வி நினைவுக்கு வந்தது. அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் மூன்று பேரையும் பார்த்தேன். இரண்டு பேர் சரி. மூன்றாமவர் பெயர் ‘சோதனை மாணவர்’. தந்தை பெயர் ‘சோதனை’. கைபேசி எண் பத்து ஒன்பதுகள். ஏன் இந்தப் பாடம் என்ற கட்டத்தில் ‘அஆஇஈ’ என்று இருந்தது. கணினி அறையில் பதிவு வேலை செய்கிறதா என்று பார்க்க ஏப்ரலில் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதமாக நான் நாளுக்கு இரண்டு தடவை அவரை எண்ணி ஆறுதல் அடைந்திருக்கிறேன்.

ஆக, இருபத்தொன்பது.

நேற்று பாடக்குழு கூடியது. திரையில் முப்பது என்று தெரிந்தது. கைதட்டினார்கள். உட்கார்ந்தே இருந்திருந்தால் முடிந்திருக்கும். நான் எழுந்தேன்.

“சார், அதில் ஒருவர் மனிதர் இல்லை.”

ரகுநாத் சார் கோப்பைப் புரட்டினார். “ஆவணமெல்லாம் முழுசா இருக்கேம்மா. சொல்லப்போனா இவர் ஒருத்தருக்குத்தான் முழுசா இருக்கு.”

“கணினி அறையில் சோதனைக்காகப் போட்ட பெயர் சார். நீக்கிவிட வேண்டும்.”

“நீக்கணும்னா விதி ஒன்பது. மாணவர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட விலகல் கடிதம் வேணும். வாங்கிட்டு வந்திருக்கீங்களா?”

“அவரிடம் எப்படி சார் வாங்குவது?”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். அவர் விலக விரும்பலை. முப்பது. அடுத்த பாடம் எது?”

நான் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்று நின்றேன். ஏற்றினார்கள். ‘மாணவர் ஒருவரின் இருப்பு குறித்துப் பாட ஆசிரியர் ஐயம் தெரிவித்தார். குழு அதைக் குறித்துக்கொண்டது.’

பாடம் பிழைத்துவிட்டது ஷர்லி. நான் உண்மையைச் சொன்னேன், அதையும் மீறிப் பிழைத்துவிட்டது. இன்றைக்கு எத்தனை தடவை சிரித்தேன் என்று எனக்கே தெரியாது.

ராக்கன் விஷயம். உங்கள் கரையின் பழைய காற்றுப் பதிவுகளைத் தேடி எடுத்தேன். அவர் சொல்வது சரி. ஆடி ஆவணியில் மேல்காற்று பலமாக இருக்கும். கடல்காற்று நேரம் கழித்துத்தான் கரை ஏறும். நான் மலையில் நின்றுகொண்டு எல்லாக் கரைக்கும் ஒரே மணி சொல்லியிருக்கிறேன். அந்தப் பகுதியை மறுபடி படம் பிடிக்கப்போகிறேன். அதற்கு முன் முதல் பயிற்சி: பத்து நாள் கரையில் நின்று, கடல்காற்று எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்து அனுப்ப வேண்டும். மற்ற இருவருக்கும் அவரவர் ஊர்க் காற்று. சோதனை மாணவருக்கும் அனுப்பியிருக்கிறேன், விதி அப்படி.

உன்னை வருத்தியதற்காக வருந்துகிறேன். திருப்பி அனுப்பியதற்காக வருந்தவில்லை. இரண்டையும் சேர்த்து எப்படி எழுதுவது என்று தெரியாமல் இப்படித் தனித்தனியாக எழுதுகிறேன். கோபம் போய்விட்டதா?

உன்,
சுகுணா


கட்டுமாவடிக் கரை,
6 செப்டம்பர் 2025, சனிக்கிழமை

சுகுணாக் கண்ணே,

படகின் நிழலில் உட்கார்ந்து, பதிவுப் பட்டியல் நகலின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மணல் ஒட்டியிருந்தால் ஆண்டிச்சாமி பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளட்டும்.

இருபத்து நான்கு பேர் வந்திருக்கிறார்கள். மூன்று பேருக்குப் பேருந்து கிடைக்கவில்லை. மீமிசலில் நின்று போனில் கத்துகிறார்கள். ஒன்பதரையிலிருந்தே கரையில் கூட்டம். ராக்கனின் படகுக் கம்பத்தில் உள்ள கொடிதான் எங்கள் கருவி. பத்து மணிக்கு அது கடலைப் பார்த்தே அடித்தது. கரையோரப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். “பாத்தீகளா?” என்று ராக்கன் எல்லோருக்கும் டீ சொன்னார். பதினொன்று, பன்னிரண்டு, அதே பக்கம். ஒன்றரைக்குக் கொடி தொங்கிவிட்டது. எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். உணவுப் பொட்டலத்தைக்கூட நின்றுகொண்டே பிரித்தார்கள்.

இரண்டு இருபதுக்குக் கொடி கரைப்பக்கம் திரும்பியது.

“பத்தும் இல்ல, மூணும் இல்ல” என்றாள் செவந்தி.

ராக்கன் சூரியனைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். “இன்னைக்கு இத்தனை பேரப் பாத்து வெரசா வந்துருச்சு ஆத்தா. நாளைக்குப் பாப்பம்.”

இப்போது அதுதான் சண்டை. மேல்காற்று குறையத் தொடங்கிவிட்டதா, காலையில் மேகம் இல்லாததால் தரை சீக்கிரம் சுட்டுவிட்டதா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சந்தனமேரி 2.20 என்று குறித்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். நிலவழகன் ஷார்ஜாவுக்கு அழைத்து, அங்கே இப்போது காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வணிகவியலை நினைத்து வெட்கப்பட்டேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். முக்கால்வாசி போய்விட்டது. மீதியை நேரில் வந்து வாங்கிக்கொள். அறந்தாங்கியில் இறங்கிக் கட்டுமாவடி வண்டி பிடி. தொப்பி கொண்டு வா. ராக்கன் உன்னைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுகிறாராம், “அந்தம்மாவுக்கு நீச்சல் தெரியுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க” என்கிறார். பதிலை எழுது.

நாளை ஞாயிறு. “பூசை முடிஞ்சதும் வந்துடறோம் மிஸ்” என்று சொல்லிவிட்டு இப்போதுதான் கலைகிறார்கள். மணி நாலு ஆகிறது. இந்த ஆறரை மணி நேரத்தில் ஒருவர்கூட, இதற்கு வருகைப்பதிவு உண்டா என்று கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

உன்,
ஷர்லி